அந்தோணியாள் கல்லுக்குக் கிழக்கு

முன்னாதாரம் பார்க்காமல் குமாரதாஸ் ஒரு வரிகூட எழுத மாட்டான். பத்திரப் பதிவுக் கச்சேரி வாசலில், ஓலைச் சாய்ப்பின் கீழ் பெஞ்சு போட்டுப் பத்து வருடமாக ஆதாரம் எழுதிக்கொண்டிருந்தான். விற்கிறவன், வாங்குகிறவன், பாகம் பிரிக்கிறவன் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு முன்னால உள்ள ஆதாரம் எங்க?" நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பழைய பத்திரம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பேனாவை மூடிவிடுவான்.

அப்படிப்பட்டவன், கொல்லம் ஆண்டு 1127 மாசி மாதம், அதாவது 1952-இல், ஓட்டுக் கேட்டு வந்த ஜீப்புகளின் சத்தம் அடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், முன்னாதாரம் எதுவும் பாராமல் ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தான். அது தக்கலையில் முன்னூறு பிரதி அச்சாகி, புதன்கிழமைக்குள் நெடுவரம்பு ஊர் முழுவதும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

நெடுவரம்பில் ஒரு வாசகசாலை உண்டு. அதைச் சுற்றிப் பதினோரு பேர் சேர்ந்து, முந்தின வருடம் ஊர்ச்சரித்திரக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். தலைவர் தாணுமாலயபிள்ளை, ஊர் வரியும் நிலக் கணக்கும் பார்க்கும் பார்வத்தியாராக இருந்து பென்ஷன் வாங்கியவர். காரியதரிசி குமாரதாஸ். படம் வரைவதும் நீளம் அகலம் அளப்பதும் சைக்கிள் கடை ரசலையன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஊரிலுள்ள ஏதாவது ஒரு பழைய பொருளின் பக்கத்தில் ஊராரைக் கூட்டி வைத்து அதன் கதையைச் சொல்வார்கள். குளத்து மடையைப் பற்றிச் சொல்லியாயிற்று. மிஷன் சபையின் மணி எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்லியாயிற்று. அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலைப் பற்றிச் சொன்ன அன்று இருநூறு பேர் வந்திருந்தார்கள். நாலாவதாக எடுத்தது, பெருவழியில் நிற்கும் சுமைதாங்கிக் கல்.

அதை எடுத்ததற்குக் காரணம் இருந்தது. திங்கள்சந்தைக்குப் போகும் அந்தப் பாதையில் பஸ் விடுவதற்காக மராமத்து இலாகா ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தது. ஜல்லி குவியல் குவியலாக வந்து இறங்கிவிட்டது. சுமைதாங்கி நின்ற இடம் சரியாக ரோட்டுக்குள் வந்தது. பழைய சரித்திரம் ஏதாவது இருந்தால் எழுதிக் கொடுங்கள், திங்கட்கிழமை ரிப்போர்ட் அனுப்புவேன் என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார். அதற்குள் ஒன்றும் தேறவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை கல் போய்விடும்.

கல்லின் கிழக்கு முகத்தில், மேலே, ஒரு சங்கு வெட்டியிருந்தது. முத்திரைப் பத்திரத்தில் தினமும் திருவிதாங்கூர்ச் சங்கைப் பார்த்துப் பழகிய கண் குமாரதாஸுக்கு. சங்கு இருந்தால் சர்க்கார், சர்க்கார் என்றால் மகாராஜா. கழகத்தில் இருந்த பதினோரு பேருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. 'மகாராஜா திருமனசு பத்மநாபபுரத்திலிருந்து படையுடன் எழுந்தருளியபோது வீரர்களின் பாரம் இறக்க நாட்டிய கல்' என்று நோட்டீசில் எழுதினான். எழுதும்போது கை கொஞ்சம் இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை செல்லத்தாய் என்ற விதவை, தென்னை நிற்கும் கொஞ்சம் விளையை விற்பதற்காக ஒரு பழைய ஓலைக்கட்டைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். கொல்லம் 1031-ஆம் வருடத்துப் பாகபத்திரம். குமாரதாஸ் எல்லையை வாசித்துக்கொண்டே வந்தவன், ஒரு வரியில் நின்றான்.

"அந்தோணியாள் கல்லுக்குக் கிழக்கு, பெருவழிக்குத் தெற்கு..."

"இது எந்த இடம்?" என்று கேட்டான்.

"எனக்க விளைதான். சுமைதாங்கிப் பக்கம் கெடக்குல்லா?"

"சுமைதாங்கிக்கா அந்தோணியாள் கல்லுன்னு பேரு?"

"எனக்கெப்படித் தெரியும் சாரே? ஓலையில உள்ளத நீங்கதானே வாசிக்கணும்."

அந்தப் பெருவழியில் வேறு கல் கிடையாது. அன்று முழுவதும் அவன் எழுதிய ஆதாரங்களில் அடித்தலும் திருத்தலுமாக இருந்தது. தொண்ணூற்றாறு வருடங்களுக்கு முன்னால், மகாராஜா நாட்டிய கல்லுக்கு ஏன் ஒரு அந்தோணியாளின் பேர்? யார் அவள்? நெடுவரம்பில் அந்தோணி என்ற பேரே கிடையாது. இங்கே கிறிஸ்தவர்கள் எல்லாரும் மிஷன் சபைக்காரர்கள். அந்தோணியார் பேரை வைக்கிறவர்கள் கடற்கரையிலுள்ள கத்தோலிக்கர்கள்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவி சத்தியபாயிடம் சொன்னான். அவள் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே, "அந்தோணியம்மாவா? லீமா தெனமும் சொல்லுகாளே" என்றாள்.

"எந்த லீமா?"

"இந்த மீனு யாரு கொண்டு வந்தான்னு நெனச்சிய? நீங்க பதினோரு பேரு வாசகசாலையில இருந்து ஆராய்ச்சி பண்ணுகிய. கேக்க வேண்டிய ஆளு தெனமும் நம்ம வாசல்ல சாளை விக்குகா."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குமாரதாஸ் ரசலையனையும் கூட்டிக்கொண்டு கல்லடிக்குப் போனான். ஒருவர் கழுத்து உயரத்துக்கு இரண்டு கற்கள் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருந்தது. கடற்கரை ஊரான கடியப்பட்டணத்திலிருந்து நடந்து வரும் மீன்காரிகள் அங்கேதான் முதல் தடவை இளைப்பாறுவார்கள். தலையிலிருந்து மீன் கூடையை, கடவத்தை, அப்படியே குறுக்குக் கல்லில் சரித்துவிட்டு, கல்லுக்கு அடியில் நிழலில் உட்காருவார்கள். ஓலைக் கடவத்திலிருந்து மீன் தண்ணீர் ஒழுகி, கல்லின் இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். கழகத்துக்காரர்கள் நாலு நாள் அந்தக் கல்லை அளந்தது சாயங்கால நேரத்தில், காற்று வாகாக அடிக்கும் கிழக்குப் பக்கத்தில் நின்றுதான். அதுவும் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஏழு பெண்கள் வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவள் நாற்பது வயது இருக்கும். கல்லின் முன்னால் ஒரு கணம் நின்று, "அந்தோணியம்மா, பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டுக் கடவத்தைச் சரித்தாள். பின்னால் வந்தவளும் அதையே சொன்னாள். ஏழு பேரும் சொன்னார்கள். கும்பிடுகிற குரல் இல்லை. பக்கத்தில் நிற்கும் ஒருத்தியிடம் கை கேட்கிற குரல்.

"லீமா, அது யாரு அந்தோணியம்மா?" என்று குமாரதாஸ் கேட்டான்.

லீமா தலைச் சும்மாட்டை உதறினாள். "யாருக்குத் தெரியும் சாரே? எனக்க மாமியா சொல்லித் தந்தா. அவளுக்கு அவ மாமியா. எறக்கும்போ பிடிச்சுக்கன்னு சொல்லணும், ஏத்தும்போ தூக்கி விடுன்னு சொல்லணும். சொல்லாம எறக்குனா கடவம் சரியும்."

"சரிஞ்சிருக்கா?"

"சொல்லாம எவ எறக்குனா, சரியதுக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். ரசலையனும் சிரித்தான். லீமா கல்லுக்கு அடியில் போய் உட்கார்ந்து, முதுகை ஒரு தூணில் சாய்த்துக்கொண்டு, "பேரு இங்கின எழுதியிருக்குன்னு சொல்லுவாவ. எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க வேணும்னா பாருங்க. தலையில சாளைத் தண்ணி ஊத்தும், இன்னா, இந்தச் சும்மாட்ட வச்சுக்கிடுங்க" என்றாள்.

குமாரதாஸ் கீழே குனிந்து உள்ளே போனான். நாலு நாளில் ஒருவனும் குனியாத இடம். எதிர்த் தூணின் உள்பக்கத்தில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, எண்ணெயும் செதிலும் நூறு வருடமாகப் படிந்து கறுத்திருந்தது. விரலை வைத்துத் தடவினான். வரிகள் தட்டுப்பட்டன.

ரசலையன் ஓடிப்போய்ச் சாம்பலும் தேங்காய் நாரும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவந்தான். அரை மணி நேரம் தேய்த்தார்கள். சந்தைக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் பெண்கள் போகவில்லை. சொட்டிய தண்ணீர் குமாரதாஸின் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கியது. அவன் கவனிக்கவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பழைய தமிழ் எண் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"௲௰௮. ஆயிரத்துப் பதினெட்டு" என்றான். பிறகு விட்டு விட்டு வாசித்தான். "மாசி மாசம் பதினாலாம் தேதி... கடியப்பட்டணம் அந்தோணியாள்... வயிற்றுச் சுமையோடே... விழுந்து இறந்த இடம். கூடச் சுமந்தவர்கள்... போட்ட கல்."

கர்ப்பிணியாக இறந்தவளுக்குச் சுமைதாங்கி போடுவது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளின் பாரம், வழிப்போக்கர்கள் சுமை இறக்க இறக்கக் குறையும் என்பார்கள். ஆனால் அதைப் போடுவது வசதியுள்ள வீட்டுக்காரர்கள். கடவம் சுமந்த பெண்கள் தாங்களாகவே சேர்ந்து போட்டதைக் குமாரதாஸ் கேள்விப்பட்டதே இல்லை.

"கூடச் சுமந்தவங்கன்னா?" என்று லீமா கேட்டாள்.

"உங்கள மாதிரி மீனு கொண்டு போனவங்க."

"இன்னொரு தடவ வாசிங்க சாரே."

மூன்று தடவை வாசித்தான். பிறகு அவர்கள் எழுந்து, "அந்தோணியம்மா, தூக்கி விடு" என்று சொல்லிக் கடவங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"அப்பம் சங்கு?" என்றான் ரசலையன்.

குமாரதாஸ் கிழக்குப் பக்கம் வந்து, மிச்சச் சாம்பலால் சங்கின் அடியைத் தேய்த்தான். சின்னதாக ஒரு எண் இருந்தது. அவன் நெற்றியில் அறைந்துகொண்டான். எத்தனை விளைகளின் மூலைக்கல்லில் இதே சங்கையும் எண்ணையும் பார்த்திருக்கிறான்! நிலம் அளக்க வந்த சர்வேக்காரர்கள், நின்ற கல்லைக் கண்டு அதையே குறியாக வைத்து வெட்டிய அடையாளம் அது. அவர்கள் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே கல் நின்றிருந்தது.

"ஏலே மக்கா, முன்னூறு நோட்டீசு" என்றான் ரசலையன் மெதுவாக.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசகசாலையில் தாணுமாலயபிள்ளை முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஏலே தாசு, நான் ஒண்ணு கேக்கேன். மகாராஜா கல்லுன்னா ஓவர்சியர் மேல எழுதுவாரு, ரோட்ட மூணடி வளைப்பாவ. மீன்காரிக்க கல்லுன்னா?"

குமாரதாஸ் மேஜைமேல் கிடந்த நோட்டீசை மடித்தான்.

"செவ்வாக்கெழம கடப்பாறைய விட்டு நெம்பி ஓடைக்குள்ள தள்ளுவான். நீ வாசிச்ச எழுத்தும் அதோட போச்சு. பொய்யில நின்னாலும் கல்லு நிக்கும்லா? நின்னா, பொறவு பத்து வருசம் கழிச்சு உண்மையச் சொல்லிக்கிடலாம். விழுந்த பொறவு உண்மையக் கொண்டு என்ன செய்ய?"

"நாம ஊருக்குச் சரித்திரம் சொல்லுகோம்னு சொல்லிட்டு..."

"நான் அந்தக் கல்லு வழியா முப்பது வருசம் கச்சேரிக்கு நடந்தவனாக்கும். எனக்கு அது நிக்கணும். அவ்வளவுதான்." அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார். அதற்குமேல் அவரோடு வாதாட முடியவில்லை. அவர் சொன்னதில் பொய் எது என்று தெரிந்தது. தப்பு எது என்று தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரசலையன், "நாளைக்கு என்னத்தச் சொல்லப் போற?" என்று கேட்டான்.

"தெரியல்ல."

"நான் உனக்க கூட நிப்பேன். ஆனா கல்லு போச்சுன்னா ரெண்டு பேரும் இந்த ஊர்ல சைக்கிள் மிதிக்க முடியாது, கேட்டியா?"

சனிக்கிழமை நாலு மணிக்குக் கல்லைச் சுற்றி நூற்றைம்பது பேர் இருந்தார்கள். ஓவர்சியர் சைக்கிளில் வந்து, அதை ஜல்லிக் குவியலில் சாய்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நின்றார். திருவனந்தபுரத்துப் பக்கத்துக்காரர். தமிழை மலையாளத்தில் தோய்த்துத்தான் பேசுவார். தாணுமாலயபிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குமாரதாஸ் நோட்டீசைக் கையில் எடுத்தான். முதல் வரியை வாசித்தான். 'மகாராஜா திருமனசு' என்ற இடத்தில் நாக்கு நின்றது. எதிரே செல்லத்தாய் நின்றிருந்தாள், இடுப்பில் ஓலைக்கட்டுடன். பெஞ்சில் வந்து உட்காரும் ஒவ்வொருவரிடமும் அவன் கேட்பது ஞாபகம் வந்தது: முன்னால உள்ள ஆதாரம் எங்க?

"இந்த நோட்டீசு நான் எழுதுனது" என்றான். "இதுக்கு முன்னாதாரம் கிடையாது. எழுதுனது எனக்க தப்பு."

கூட்டத்தில் சலசலப்பு. "அப்பம் மகாராஜா எங்க போனாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மகாராஜா வரவே இல்ல. சர்வேக்காரந்தான் வந்தான்."

சிரிப்பு எழுந்தது. அது அடங்கியதும் ஓலையில் இருந்த எல்லையைச் சொன்னான், சங்குக்கு அடியிலுள்ள எண்ணைச் சொன்னான், உள்பக்கத்து எழுத்தை மனப்பாடமாகச் சொன்னான். சொல்லி முடித்ததும், "நம்பாதவங்க குனிஞ்சு பாருங்க" என்றான்.

முதலில் ரசலையன் குனிந்து வழிகாட்டினான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, வயசானவர்கள் மற்றவர் தோளைப் பிடித்துக்கொண்டு. பிறந்ததிலிருந்து அந்தக் கல்லைக் கடந்து போகிறவர்கள், முதல் தடவையாக அதற்குள்ளே போய் வந்தார்கள். "வயித்துச் சுமைன்னு தெளிவா இருக்கே" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சந்தைக்குப் போன பெண்கள் திரும்பி வந்தார்கள். மீன் விற்ற கடவத்தில் இப்போது மரச்சீனிக் கிழங்கு. போகும்போது இருந்ததைவிட வரும்போதுதான் கனம் அதிகம்.

"வழி விடுங்க, வழி விடுங்க! கழுத்து முறியுது!" என்று லீமா சத்தம் போட்டாள். "கல்யாணமா இங்க? கல்லச் சுத்தி நிக்கிய!"

கூட்டம் விலகியது. ஒவ்வொருத்தியாக வந்து, "அந்தோணியம்மா, பிடிச்சுக்க" என்று சொல்லிச் சரித்தார்கள். குறுக்குக் கல்லில் இடம் போதாமல் பின்னால் வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஓவர்சியர் குடையை மடக்கினார்.

"இதென்னா, இப்பவும் இதில சுமடு வைக்குந்நுண்டோ?" என்று கேட்டார்.

"பின்னே? எங்க வைக்க? உமக்க தலையிலயா?" என்றாள் லீமா.

ஓவர்சியரே சிரித்துவிட்டார். "திவசம் எத்தனை பேரு?"

"போவும்போ அறுவது, வரும்போ அறுவது. மழையானா கொறையும். கடல்ல நல்ல மீன்பாடு உள்ள அன்னைக்குக் கூடும்."

ஓவர்சியர் குமாரதாஸின் பக்கம் திரும்பினார். "எடோ, இத முதல்ல பறஞ்சிருந்தா போதுமே. மகாராஜா கல்லுன்னா நான் மேல எழுதணும். அவிட ஒராள் வேறொராளுக்கு எழுதும். மறுபடி வரும்போ ரோட்டில பஸ் ஓடும். ஆனா ஜனங்கள் உபயோகிக்கிற சாதனம்னா, வேற இடம் கொடுக்காம எடுக்கக் கூடாது. அது எங்க சட்டம்."

"அப்பம் கல்லு நிக்குமா?" தாணுமாலயபிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நிக்கும். ஆனா இங்கயல்ல. எட்டடி மாறி, ரோட்டுக்குத் தெற்கால. கொத்தன வச்சு நானே நாட்டித் தராம்."

கூட்டம் ஆரவாரித்தது. குமாரதாஸ் மட்டும் நின்றுகொண்டே இருந்தான். 'விழுந்து இறந்த இடம்' என்று கல் சொல்கிறது. எட்டடி தள்ளி நட்டால், அந்த எழுத்து பொய்யாகிவிடும். அதை அவன் ஓவர்சியரிடம் சொன்னான். "ஆதாரக்காரன்ற புத்தி" என்று அவர் தலையில் கை வைத்தார்.

லீமாவிடமும் சொன்னான்.

"எட்டடிதானே சாரே? செத்தவ கடியப்பட்டணத்துல இருந்து இதுவரைக்கும் நடந்து வந்தவளாக்கும். எட்டடி நடக்க மாட்டாளா?"

பங்குனியில் கொத்தர்கள் வந்தார்கள். கல்லைப் பெயர்ப்பதற்கு முன்னால் குமாரதாஸ் அந்த இடத்தை நாலு எல்லையும் குறித்து எழுதி, ஓவர்சியரிடமும் இப்போதுள்ள பார்வத்தியாரிடமும் கையெழுத்து வாங்கிக் கழகத்தின் நோட்டில் ஒட்டினான். முன்னாதாரம் என்ற இடத்தில், கொல்லம் 1018 கல்லெழுத்து, 1031 பாகபத்திரம் என்று எழுதினான். அதற்குக் கீழே, மீன் விற்கும் லீமாவும் கூடச் சுமப்பவர்களும் வாய்மொழியாகச் சொன்னது என்றும் எழுதினான். எந்தப் பக்கத்தை ரோட்டுக்குத் திருப்ப வேண்டும் என்று கொத்தன் கேட்டதற்கு, பழையபடியே வை என்று தாணுமாலயபிள்ளை சொல்லிவிட்டார். எழுத்தை வாசிக்க வேண்டியவன் குனியட்டும்.

கல் நட்ட மறுநாள் காலை குமாரதாஸ் வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தான். லீமா முன்னால் வந்தாள். கால் பழக்கத்தில் நேராகப் பழைய இடத்துக்குத்தான் போனது. புதிதாகப் பரப்பிய ஜல்லியின் நடுவில், கடவத்தைச் சரிக்கக் கையை உயர்த்தியபடி நின்றாள். முன்னால் ஒன்றும் இல்லை. பின்னால் வந்த ஆறு பேரும் நின்றார்கள்.

லீமா கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தெற்கே ஓட்டினாள். பிறகு எட்டடி நடந்துபோய், "இங்கினயா வந்து நிக்க?" என்று கேட்டுவிட்டு, "அந்தோணியம்மா, பிடிச்சுக்க" என்று கடவத்தை இறக்கினாள்.